வின்ஸ்டனுக்கு வைத்த கண்கள்

சட்டையின் இரண்டாவது பொத்தான் வந்துவிட்டது. இனிமேல் காலர், கழுத்து, தாடை, வாய், மூக்கு, அதற்கும் பிறகுதான் அது. எமரென்சி பிரிண்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கான்வாஸ் ரோலை மாட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் அது பாட்டுக்கு இடமும் வலமுமாக ஓடி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை முன்னால் தள்ளி, நாற்பது நிமிடத்தில் ஒரு முழு ஆளைப் போட்டுக் கொடுத்துவிடும். எட்டு வருசமாக அவளும் இந்த மெஷினும் ஒருத்தரை ஒருத்தர் சகித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள். மற்ற நாளாயிருந்தால் இந்நேரம் மாடிப்படி இறங்கிப் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, எதிர்த்த மருந்துக்கடைக்காரியிடம் வாயடித்துவிட்டு, சாவகாசமாக மேலே வந்திருப்பாள். இன்றைக்கு ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் அந்த நேரம் பார்த்து ஏதாவது நடந்துவிடும் என்று இருந்தது. என்ன நடந்துவிடும்? கான்வாஸ் கோணலாக இழுக்கும், மை திட்டாக விழும், வேறென்ன? வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று மூன்றாவது தடவையாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மணி மூன்று பத்து. செபஸ்தியம்மா நாலு மணிக்கு வருவேன் என்றிருக்கிறாள். நாளைக் காலையில் அவள் மகன் வின்ஸ்டனுக்கு முப்பதாம் நாள் பூசை. படத்தைக் கோயிலில் வைத்து, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி, பூசை முடிந்ததும் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். அந்தப் படம்தான் நெஞ்சு முதலாக வந்துகொண்டிருந்தது.

நெஞ்சு முதலாக, அதாவது தலைகீழாக. படத்தை அவள் எப்போதும் திருப்பிப் போட்டுத்தான் அனுப்புவாள். சுற்றிக் கிடந்த ரோலுக்கு முதல் ஒரு சாண் வரைக்கும் முரண்டு இருக்கும், உருளை பட்ட தடம் இருக்கும். அதில் சட்டை விழுந்தால் ஒருத்தருக்கும் தெரியாது, முகம் விழுந்தால் ஊருக்கே தெரியும். கான்வாஸ் அடங்கின பிறகுதான் முகம். புதுநன்மை வாங்கின பிள்ளைகள், கல்யாண ஜோடிகள், வெள்ளிவிழாக் கொண்டாடின சாமியார்கள், எல்லோருமே இந்த மெஷினில் தலைகீழாகத்தான் வந்து விழுந்திருக்கிறார்கள். 'ஊர்ல பிள்ளையெல்லாம் தலை முதல்ல வரும், நம்ம கடையில மட்டும் கால் முதல்லயாம்மா' என்று ஆல்ட்ரின் கிண்டல் செய்வான். அவளுடைய ஒரே மகன். ஆல்ட்ரின் இப்போது எதற்கு வந்தான்? அவனை நினைக்கக் கூடாது, வின்ஸ்டனை நினைக்க வேண்டும். வின்ஸ்டனுக்கு இருபத்தாறு வயசு. துறைமுகச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. செபஸ்தியம்மா செல்போனில் கொண்டுவந்து காட்டியது நாற்பத்து மூன்று படம். நாற்பத்து மூன்றிலும் கூலிங்கிளாஸ். திருவிழாத் தேர்முன்னால் கூலிங்கிளாஸ், அக்காள் கல்யாணத்தில் கூலிங்கிளாஸ், சோறு தின்னும்போதும் கூலிங்கிளாஸ். இந்தக் காலத்துப் பயல்களை என்னவென்று சொல்வது. "கண்ணாடி இல்லாம வேணும்மா. அவன் கண்ணை நான் பாக்கணும்" என்றாள் செபஸ்தியம்மா. கண்ணாடி இல்லாத படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சவப்பெட்டிக்குள் வைத்து எடுத்தது. அதைப் பார்த்து எமரென்சி அசரவில்லை. படுத்திருக்கிறவரை நிமிர்த்தி வைப்பது, மூக்குப் பஞ்சை எடுப்பது, தாடைக்கட்டை அவிழ்ப்பது, மூடின கண்ணைத் திறப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. கண்ணுக்கு மட்டும் வேறொருவரிடம் போக வேண்டும். அண்ணன் தம்பி கண் என்றால் உத்தமம். வின்ஸ்டனுக்கு அக்காள் மட்டும்தான். அவள் கண்ணை வைத்துப் பார்த்தால் மை தீட்டின கண் பெட்டிக்குள்ளிருந்து விழித்தது, பார்க்கச் சகிக்கவில்லை, அழித்துவிட்டாள்.

காலர் வந்துவிட்டது. நீலக் காலர். கோட்டுப் போட்டு விடட்டுமா என்று கேட்டதற்கு அவன் சட்டையே இருக்கட்டும் என்றிருந்தாள் செபஸ்தியம்மா. கான்வாஸ் மை குடிக்கும், அதனால் நீலத்தை ஒரு பிடி கூட்டித்தான் வைத்திருந்தாள், சரியாகத்தான் வந்திருக்கிறது. சட்டை சரியாக இருக்கிறது. சட்டையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் யோசிப்பது? வின்ஸ்டன் முகத்துக்கு வெளிச்சம் இடது பக்கம் வாசலிலிருந்து. அதே பக்கத்து வெளிச்சம், அதே வயசு, அதே மாநிறம், வெள்ளைச் சுவர். நேற்று மத்தியானம் அவள் யோசிக்கக்கூட இல்லை, கை போய் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டது. கப்பல் வேலைக்குப் போகுமுன் கப்பல்காரர்களுக்குத் தருகிற அடையாளப் புத்தகத்தில் ஒட்டுவதற்காக ஆல்ட்ரினை இதே அறையில் நிற்க வைத்து அவளே எடுத்த படம். அவசரத்துக்குப் பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி மிளகாய்த்தூள் எடுக்கிற மாதிரி எடுத்தாள், அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் வெட்டி, சாய்த்து, சுருக்கி, இமையோரத்தை மழுக்கி, வெள்ளைவிழியில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றி உட்கார வைத்தாள். வேலை செய்கிறபோது அது யார் கண்ணுமில்லை, வேலை. உட்கார்ந்ததும் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட பெருமை. எப்படிப் பொருந்திவிட்டது பார் என்று திரையைச் சின்னதாக்கிப் பெரிதாக்கி ரசித்தாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கியும் விட்டாள்.

தெரிந்தது இன்று மத்தியானம்தான், கீற்று அடித்தபோது. முழுப்படத்தைப் போடுமுன் முக்கியமான இடத்தை மட்டும் நாலு விரல் அகலத்துக்கு அடித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. முகமென்றால் கீற்று கண்ணில்தான் விழும். பூசைக்கு வருகிறவர்களுக்கு நினைவு அட்டையும் வேண்டும் என்று செபஸ்தியம்மா கேட்டிருந்ததால் எந்தக் காகிதம் எடுபடும் என்று பார்க்க நாலு தினுசில் அடித்தாள். கான்வாஸ் துண்டில் ஒன்று, தடித்த பருத்திக் காகிதத்தில் ஒன்று, நார் தெரிகிற கைக்காகிதத்தில் ஒன்று, கஞ்சி போட்ட வேட்டித் துணியில் ஒன்று. நாலையும் மேசையில் வரிசையாக வைத்தாள். நெற்றி இல்லை, மூக்கு இல்லை, வின்ஸ்டன் என்று சொல்ல ஒன்றுமில்லை. நாலு இடத்திலிருந்து ஆல்ட்ரின் அவளைப் பார்த்தான். பருத்திக் காகிதத்தில் சும்மா பார்த்தான். துணியில் புகைக்குப் பின்னால் நின்று பார்த்தான். கைக்காகிதத்தில் மை நாரோடு ஓடிக் கண்ணோரமெல்லாம் சிவந்து, அழுதுவிட்டு வந்தவனாகப் பார்த்தான். கான்வாஸில் எப்படிப் பார்த்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பார்வை கேமராவுக்கு வைத்த பார்வையே இல்லை. 'அங்க எங்கலே பாக்க, அம்மாவப் பாரு' என்று அன்றைக்கு அதட்டியிருந்தாள். அம்மாவைப் பார்த்த பார்வை. கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து, மேலே ஸ்டேப்ளரை வைத்தாள். எடை போதாது என்று தோன்றித் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கி வைத்தாள். அப்படியும் முழுப்படத்தை அமுக்கினாளே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது, வேறு கண் தேட நேரமில்லை, படித்தவள் நீ, இதையெல்லாமா நம்புவாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு அமுக்கினாள். புருசன் கல்யாணப் படமெடுக்கிற ஆர்டருக்கு மணப்பாடு போயிருந்தான். போனில் கேட்டிருந்தால் பைத்தியமா உனக்கு என்று சிரித்திருப்பான். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாடை. அதற்குள் தாடை வந்துவிட்டது. தலைகீழாக வருகிற தாடை, குழியில்லாத தாடை, அது வின்ஸ்டனுடையது, ஆல்ட்ரினுக்குச் சின்னக் குழி உண்டு. இது என் பிள்ளை இல்லை, தாடையைப் பார், இது என் பிள்ளை இல்லை. ஆல்ட்ரின் பேசிப் பதினோரு நாள் ஆகிறது. 'சிக்னல் இருக்காதும்மா, ஒரு வாரம் பத்து நாள் ஆகும்' என்று அனுப்பியிருந்தான். ஒரு வாரம் பத்து நாள் என்றால் பத்துதானே, பதினொன்று எப்படி ஆகும்? ஏஜெண்ட் ஆபீசில் கேட்டதற்கு ஒரு பெண் குரல், கப்பல் நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு ஆண்ட்டி, கவலைப்படாதீங்க என்றது. கப்பல் நன்றாகப் போனால் பையன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தமா? கப்பலைப் பற்றி யார் கேட்டது? அவன் கப்பலுக்குப் போகிறேன் என்று கேட்கவே இல்லை. இந்த அறைதான் அவனுக்குப் பிடித்தது. எதிலெல்லாம் மை ஒட்டும் என்று பார்ப்பதுதான் அவன் பைத்தியம். பனையோலையில் அடித்தான், பிளாஸ்டரில் அடித்தான், சேலை முந்தியில் அடித்தான், டீ வடிகட்டின சக்கையில் காகிதத்தை ஊறப்போட்டு அதிலும் அடித்தான். ஒரு தடவை கண்ணாடி மாதிரித் தாளில் தப்பான பக்கத்தில் அடித்துவிட்டான். மை பிடிக்கிற பூச்சு இல்லாத பக்கம். ஞானஸ்நானப் பிள்ளையின் முகம் காயவே இல்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் முகம் மெல்ல வழிந்து தாளின் ஓரத்துக்கு வந்திருந்தது, வாய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தோம் என்று இப்போது இருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் சொன்னாள், 'இந்த மை வாடையில ஏன்லே கிடந்து சாகுத, கப்பலுக்குப் போலே, நாலு ஊரப் பாரு.' சாகுத என்று சொல்லியிருக்க வேண்டாம். வாய்க்கு வந்ததைச் சொல்வதே பிழைப்பாகப் போய்விட்டது. அவன் போனான். அவள்தான் அனுப்பினாள். இப்போது அவள்தான் கண்ணையும் அனுப்புகிறாள், மாலைக்கும் மெழுகுதிரிக்கும். உயிரோடு இருக்கிற ஆள் படத்துக்கு மாலை போட்டால் அடிக்க வருகிற ஊர் இது. பாதிப் படம் என்றால் பரவாயில்லையா? இரண்டே கண் என்றால் பரவாயில்லையா? எவ்வளவு இருந்தால் ஒரு ஆள்?

மூக்கு நுனி. நிறுத்தும் பொத்தான் வலது மூலையில், சிவப்பாக, கை எட்டும் தூரத்தில். இப்போது அமுக்கினால் கண் வராது. அமுக்கு. அமுக்கினால் செபஸ்தியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? மெஷின் கோளாறு என்று சொல்லலாம். முப்பது நாளாகப் பிள்ளை கண்ணைப் பார்க்கக் காத்திருக்கிறவளிடம் மெஷின் கோளாறு. அமுக்கினால் நின்றுவிடும், நின்றால் ஆல்ட்ரின் நிற்பான், நிற்பான் என்றால் என்ன அர்த்தம்? அவள் கையை நீட்டினாள். நீட்டின நேரத்தில் மெஷின் தானாகவே நின்றது. ஓட்டம் இல்லை, சத்தம் இல்லை. சின்னத் திரையில் காத்திருக்கவும் என்று எழுத்து. மை முனைகளைத் தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நிற்கிற மெஷின்தான், அவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நிற்கப் பார்த்த இடம் அது. கீழிமை வந்திருந்தது. வெள்ளைவிழியின் அடிப்பாதி வந்திருந்தது, கருவிழி பாதி வந்திருந்தது. அதற்குமேல் வெறும் கான்வாஸ், ஒன்றுமில்லாத வெள்ளை. கண்ணின் பாதி வரை தண்ணீரில் நிற்கிற ஆள் அப்படித்தான் தெரிவான். நிற்காதே, நிற்காதே, ஓடு, என் ராசா, ஓடு என்று மெஷினைக் கெஞ்சினாள். நிறுத்தப் போன கை அதன் மூடியைத் தடவிக் கொடுத்தது. பாதியில் விடாதே. விட்டால் அவ்வளவுதான். யாருக்கு அவ்வளவுதான்? உள்ளே ஏதோ உறிஞ்சுகிற சத்தம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பின்பு ஒரு இழுப்பு இழுத்து இடமிருந்து வலமாக ஓடியது. மேலிமை வந்தது. புருவம் வந்தது. முழுக்கண்ணும் தலைகீழாக அவளைப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கி வந்தது. மேலே வந்துவிட்டான் என்று அவளுக்கு மூச்சு வந்தது. யார் வந்தான், எங்கிருந்து வந்தான் என்று யோசிக்க அவளுக்குத் திராணி இல்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே செபஸ்தியம்மா படியேறி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் இன்னும் வெங்காய வாடை.

"முடிஞ்சிட்டாம்மா?"

"இப்பத்தான் வெட்டுனேன்க்கா. மை ஈரம், தொட்டுராதிய."

கான்வாஸை நேராகத் திருப்பி மேசையில் விரித்தாள் எமரென்சி. செபஸ்தியம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். சட்டையைப் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள். "வாய் அவன் வாய்" என்றாள். "கோவம் வந்தா இப்படித்தான் இழுத்து வச்சுக்குவான்." பிறகு கண்ணுக்குப் போனாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. எமரென்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு பிள்ளை கண்ணும்மா?"

கம்ப்யூட்டரில் செய்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள். "என் மகன்து" என்றுதான் வந்தது.

"எங்க இருக்கான்?"

"கப்பல்ல."

"பேசுனானா?"

"பதினோரு நாளாச்சுக்கா."

செபஸ்தியம்மா இரண்டு எட்டுப் பின்னால் போனாள். திட்டப் போகிறாள் என்று எமரென்சி நினைத்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. "எடுத்துரு தங்கச்சி, சுருட்டி வை" என்றாள். "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் மாலை போட மாட்டேன். என் பிள்ளை கண்ணைப் பாக்கணும்னு கேட்டேன். அது இனி எங்க இருக்கு? கண்ணை மூடிக் குடு. நான் கடைசியா எப்படிப் பாத்தேனோ அப்படியே குடு, போதும்."

எமரென்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சிலிருந்த பாரம் சட்டென்று இறங்கினது போலிருந்தது. இவ்வளவு லேசான வழி இருக்கும்போது மூன்று மணி நேரமாகத் தன்னைத் தானே கொன்றுகொண்டோமே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "அஞ்சு நிமிசம்க்கா. அது சுளுவு. நான் ஒண்ணும் அழிக்கல, மேல மேலதான் வச்சிருக்கேன்." ஃபைலைத் திறந்தாள். கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மாதிரி, அடியில் பெட்டிக்குள்ளிருந்த முகம், அதன்மேல் தோல் திருத்தினது, அதற்கும் மேல் கண். திரையின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கண்ணுக்கு அவசரத்தில் ஆல்ட்ரின் என்றே போட்டிருந்தாள். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் அடையாளம், அதைத் தொட்டால் அந்தத் தாள் மறையும். அவ்வளவுதான், அடியில் மூடின கண் மூடினபடி தெரியும். மவுசை நகர்த்தி அங்கே கொண்டுபோனாள். ஆயிரம் தடவை செய்திருக்கிற காரியம். ஆல்ட்ரின் திரையிலிருந்து பார்த்தான். அம்மாவப் பாரு என்று அன்றைக்குச் சொன்னாள், பார்த்தான். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் அமுக்கவில்லை. அவன் கண்ணை மூட வேண்டும். அவள் மூட வேண்டும். வேறு யாரும் இல்லை.

"அக்கா" என்றாள் திரும்பாமல். "நீங்க ஒரு அமுக்கு அமுக்குங்களேன். இந்தா, இந்த இடத்துலதான்."

"நானா?" பின்னால் குரல் தணிந்திருந்தது. "நான் ஆஸ்பத்திரியில ஒரு தடவை மூடியாச்சு தங்கச்சி. இன்னொரு தடவை என்னால ஆவாது."

எமரென்சி தன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினாள். டிக் என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருட்டுக்குள் செபஸ்தியம்மா ஒரு எட்டு முன்னால் வருவது கேட்டது, சேலையைத் தலைக்குப் போடுவது கேட்டது. திரையில் மூடின கண்ணோடு இருந்த முகத்தைப் பார்த்தவள், முப்பது நாளாக வீட்டில் அந்தி தோறும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன, இறந்தவர்களுக்கான செபத்தைத் தன்னையறியாமல் ஆரம்பித்தாள். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியைக் கூட இருக்கிறவர்கள் சொல்கிற செபம். முதல் பாதியைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். அறையில் வேறு யாரும் இல்லை. யாருக்கு என்று நினைப்பதற்குள் எமரென்சியின் வாய் மறு பாதியைச் சொல்லி முடித்துவிட்டது.